தூளியில் போட்ட பாட்டுப்பெட்டி

எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு இசைத்தட்டுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. சம்பளம் வந்த கையோடு ரிக்கார்டு பிளேயர் வாங்கிவிட்டாள். இப்போது அதற்கு மாசா மாசம் ஏதாவது ஒன்றை வாங்கிப் பூட்டிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் சாப்பாட்டு வேளையில் தன் செல்போனை என் டிபன் பாக்ஸுக்கு மேலே நீட்டி, "மேடம், இத வாங்கலாமா?" என்று கேட்டாள். பார்த்தேன். பிளேயருக்கு அடியில் வைக்கிற ஒரு பலகை. நாலு மூலையிலும் ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். தரையிலிருந்து கிளம்பும் அதிர்வு ஊசிக்கு ஏறாமல் தடுக்குமாம். விலையையும் பார்த்தேன். அந்தப் பணத்தில் எங்கள் கல்யாணத்துக்கு ஒரு பந்தியே போட்டிருக்கலாம். புளியோதரை புரையேறிவிட்டது. அவள் பயந்துபோய் என் தலையில் தட்டிக்கொண்டே, "ஏன் மேடம் சிரிக்கறீங்க?" என்றாள்.

சொல்லியிருப்பேன். ஆனால் அரைமணி நேர இடைவேளையில் சொல்லி முடிகிற கதையில்லை அது. உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே? அப்படியானால் கேளுங்கள்.

அப்போது நாங்கள் ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில், துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். ஒரு நீளச் சந்து, இரண்டு பக்கமும் வீடுகள், கோடியில் குழாய். சந்து முடியும் இடத்தில் சாலை. சாலையில் கன்டெய்னர் லாரிகள். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று எந்நேரமும் வரிசை கட்டி நிற்கும், நகரும், மறுபடி நிற்கும். எங்கள் வாசலுக்கு நேரே தார் பெயர்ந்து ஒரு பள்ளம் இருந்தது. பாரம் ஏற்றிய லாரி அதில் இறங்கி ஏறினால் வீட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். விருந்தாளிகள் திடுக்கிட்டு எழுந்துவிடுவார்கள். நாங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்போம்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன்களுக்கு எலக்ட்ரீசியன். நான் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் பில் போடுகிறவள். துறைமுகப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு 'லாட்' என்றால் ஓர் ஆசை உண்டு. யாரும் எடுக்காமல் கிடக்கிற சாமான்களைக் குவியல் குவியலாகப் பிரித்து ஏலம் விடுவார்கள். குவியலில் ஒன்றுதான் வேண்டும் என்றாலும் மொத்தத்தையும் எடுத்தாக வேண்டும். ஒருமுறை மூடிப்போன ஏதோ ஒரு பழைய கிளப்பின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. இவர் ஒரு மேஜை மின்விசிறிக்கு ஆசைப்பட்டுப் போனார். மின்விசிறி இருந்த லாட்டில் ஒரு டிரங்குப் பெட்டியும் சேர்ந்து வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த மின்விசிறி ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை.

டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டையும் நமுத்த அட்டையும் மிஷின் எண்ணெயும் கலந்து ஒரு வாசனை வந்தது. உள்ளே இசைத்தட்டுகள். அவற்றுக்கு அடியில், மரச் சட்டம் போட்ட ஒரு ரிக்கார்டு பிளேயர். ஊரெல்லாம் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு சிடிக்கு மாறிக்கொண்டிருந்த காலம். இவர் பெட்டியை அப்படியே பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாம் என்றார். நான் ஒரு தட்டை உறையிலிருந்து உருவி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கறுப்பு நிறத்தில் அவ்வளவு பளபளப்பு. அதைப் பார்த்த பிறகு கொடுக்க மனசு வரவில்லை.

ஊசியில் அழுக்கு அப்பிக் கிடந்தது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன். வீட்டில் ஸ்பிரிட் எப்படி இருந்தது என்றால், நான் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நாட்களில் வாங்கி மீந்தது. எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்களாகியும் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினோம். ஒரு நாள் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இவர், "போலாமா?" என்றார்.

"இன்னும் கூப்பிடலியே."

"டாக்டராண்ட இல்ல. வூட்டுக்கு."

எழுந்து வந்துவிட்டோம். வழியில் வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டோம். அதற்குப் பிறகு போகவில்லை. அந்த ஸ்பிரிட் பாட்டிலைப் பரணில் போட்டவள், ரிக்கார்டு பிளேயருக்காகத்தான் மறுபடி கீழே இறக்கினேன்.

இதில் நாங்கள் இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சமாதானமாகாதது காம்பவுண்டுதான். குழாயடியில் குடத்தை வைத்தால் போதும், "விசேஷம் ஏதாச்சும் உண்டா?" என்பார்கள். ஒரு நாள் மாடி வீட்டு சாந்தி கேட்டபோது, "இருந்தா உனக்கு மொத ஆளா தந்தி குடுக்கறேன்" என்று சொல்லிக் குடத்தைக் கொஞ்சம் வேகமாக வைத்தேன். குடம் நெளிந்தது. மறுநாளிலிருந்து யாரும் கேட்கவில்லை. அந்த மௌனம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கேள்வியைக்கூடச் சமாளித்துவிடுவேன், பதிலைக் கேட்டதும் முகத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு 'ப்ச்' கொட்டுவார்களே, அதுதான் எனக்கு ஆகாது. அந்த 'ப்ச்' எங்கள் சந்துக்குள் மறுபடி வராமல் இருக்க நான் எதையும் செய்திருப்பேன்.

பாட்டுக்கு வருகிறேன். பிளேயரை எடுத்துக்கொண்டு பழைய வண்ணாரப்பேட்டையில் கவுஸ் பாய் கடைக்குப் போனேன். ரேடியோ, டேப் ரிக்கார்டர், கல்யாண வீட்டு ஆம்ப்ளிபயர் எல்லாம் ரிப்பேர் பார்ப்பவர். டீ சொல்லாமல் எந்தப் பெட்டியையும் திறக்கமாட்டார். டீ வந்தால் கதை வரும். கதை முடிந்தால் அடுத்த டீ. என் பிளேயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல எடத்துல பொறந்த மிசினும்மா இது, கலீஜ் பண்ணி வெச்சிருக்காங்க" என்றார்.

எங்கள் வருமானத்துக்கு எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சரிசெய்ய முடியாது. ஒரு மாசம் ஊசி. ஒரு மாசம் தட்டைச் சுற்றும் பெல்ட். அசல் பெல்ட் எங்கும் கிடைக்காததால் பாய் சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கிப் போட்டார். முதலில் பாடகர்கள் எல்லாரும் ஏதோ ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் பாடினார்கள். இன்னும் கொஞ்சம் மெல்லிசாக நறுக்கிப் போட்டதும் நிதானத்துக்கு வந்தார்கள். ஆம்ப்ளிபயரைப் பாயே உதிரிகளைக் கோத்துச் செய்து கொடுத்தார். ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி செய்யக் காசில்லை. அதற்கும் அவரே ஒரு வழி சொன்னார்: மண்பானை. டீக்கடைகளில் பார்த்திருப்பீர்கள், பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தித் தொங்கவிட்டால் அடிச்சத்தம் கும்மென்று வரும். பானைக் கடையில் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டேன். கடைக்காரர், "பொங்கலுக்கு இன்னும் நாள் கீதேம்மா?" என்றார். "பாட்டுக்கு" என்றேன். அவர் என்னிடம் அதற்கு மேல் பேரம் பேசவில்லை. பைத்தியம் என்று நினைத்துக் குறைத்துக் கொடுத்துவிட்டார்.

இவ்வளவும் செய்து வீட்டில் வைத்தால், லாரி வந்தது. பள்ளத்தில் இறங்கியது. ஊசி குதித்தது.

எங்கள் லாட்டில் வந்த தட்டுகளில் ஒரு சினிமாவின் கதைவசனத் தட்டு இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் உயிர். கதாநாயகன் தன் தாயின் காலில் விழுந்து சபதம் செய்ய வாயைத் திறப்பான். அந்த நேரம் பார்த்துத்தான் லாரி வரும். ஊசி ஒரு தாவு தாவி, சபதத்தை விட்டுவிட்டு நேராகக் கல்யாணப் பந்தலில் போய் விழும். அவன் அந்தத் தாய்க்கு என்னதான் வாக்குக் கொடுத்தான் என்பது எங்களுக்குப் பல மாசம் தெரியாமலே இருந்தது. சாப்பிடும்போது ஆளுக்கு ஒன்றாக ஊகித்துக்கொள்வோம். இவர் நிலத்தை மீட்பதாக இருக்கும் என்பார். நான் பழிவாங்குவதாக இருக்கும் என்பேன்.

பழைய தலையணையைப் பிளேயருக்கு அடியில் வைத்துப் பார்த்தோம். டென்னிஸ் பந்தைப் பாதியாக வெட்டி நாலு காலுக்கும் வைத்துப் பார்த்தோம். கார் டியூபில் காற்றடித்து அதன்மேல் பலகை போட்டதில்தான் கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆனால் டியூபில் எங்கோ ஓட்டை. பாட்டின் சரணத்துக்கு வரும்போது பிளேயர் ஒரு பக்கமாக இறங்கிவிடும். பாயிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன்.

"மிசின்ல இனிமே காசு போடாத. அதுக்கு ஒரு கொறையும் இல்ல. உன் வூடுதான் குதிக்குது" என்றார் பாய்.

வீட்டை மாற்ற முடியுமா? அந்த வாடகைக்கு அந்த வீடே பெரிசு.

ஒரு சனிக்கிழமை சாப்பிட்டு முடித்து, இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி கிரேன் கேபினைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய கிரேன்களில் கேபின் எந்நேரமும் ஆடிக்கொண்டே இருக்கும். டீ பிளாஸ்க்கைக் கீழே வைத்தால் உருளும். அதனால் ஆபரேட்டர்கள் கயிற்றில் கட்டி மேலேயிருந்து தொங்கவிட்டுவிடுவார்கள். "கேபினு என்னா குதி குதிச்சாலும் பிளாஸ்கு அது பாட்டுக்கு கீது. ஒரு சொட்டு சிந்தாது" என்றவர், பாதியில் நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

நடுவீட்டு உத்திரத்தில் ஓர் இரும்புக் கொக்கி இருந்தது. எதற்கான கொக்கி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் குடிவந்த அன்று வீட்டுச் சொந்தக்காரர் அதைக் காட்டி, "எத்தினி கொழந்தையானாலும் தாங்கும்" என்று சிரித்தார். அப்போது நானும் சிரித்தேன். பிறகு அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டேன். இவரும்தான். இப்போது கொக்கியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கட்டுங்க" என்றேன்.

என் பழைய கைத்தறிப் புடவை ஒன்றைக் கொடுத்தேன். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த மஞ்சள் புடவை. இரண்டாக மடித்துக் கொக்கியில் முடிந்தார். பக்கங்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் குறுக்காகத் தூளிக் கட்டை. சரக்குப் பெட்டியின் மரத்தில் அவரே இழைத்தது. பிளேயர் உட்கார அடியில் ஒரு பலகை. கட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தோம். பலகை மட்டும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அசல் குழந்தைத் தூளி. நான்தான், "சரி சரி, மசமசன்னு நிக்காதீங்க" என்று கிளப்பினேன். காட்டக் கொண்டுபோன பிளேயர் இன்னும் பாய் கடையிலேயே இருந்தது. தொங்கவிடத் தோதாக வயரை நீளமாக்கச் சொல்லி, அப்படியே எடுத்து வரலாம் என்று இரண்டு பேரும் ஆட்டோவில் கிளம்பினோம். வழியில் அடிபடாமல் சுற்றி எடுத்துவர ஒரு பூந்துவாலையை எடுத்துக்கொண்டேன். சாவியை வழக்கம்போலப் பக்கத்து வீட்டு லூர்து அக்காவிடம் கொடுத்தேன்.

லூர்து அக்கா காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத் தெருவாக விற்கிறவள். வளர்ந்த மகன் ஒருவன், கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவன். கணவர் காலமாகி வெகுகாலம். விற்று மீந்த நெத்திலியையோ காரப்பொடி மீனையோ எங்கள் சமையலறையில் வைத்துவிட்டுப் போவது அவள் வழக்கம். நாங்கள் இல்லாத நேரத்தில் என்ன நடந்தது என்பதைப் பின்னால் ஆளாளுக்குச் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அக்கா மீன் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். தூளியைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சந்துக்கு ஓடினாள். நிமிஷத்தில் காம்பவுண்டே எங்கள் நடுவீட்டில்.

"இன்னாடி சொல்றீங்க, மூணு மாசமாச்சும் இருக்கும். மூஞ்சியிலயே தெரிஞ்சிச்சி, நான்தான் வேபாரத்துல கவனிக்கல" என்றாளாம் அக்கா.

சாந்தி ஒப்புக்கொள்ளவில்லை. "வவுத்துல இருக்கறப்பவே யாராச்சும் தூளி கட்டுவாங்களாக்கா? அவங்க ரெண்டு பேரும் ஆட்டோல போனத நான் மாடியிலேர்ந்து பாத்தேன். கையில பூந்துவால வெச்சிருந்தா. தத்து எடுக்கப் போயிருக்காங்க."

பூந்துவாலைக்கு மேல் சாட்சி வேண்டுமா? அக்கா அந்தக் கணமே கட்சி மாறிவிட்டாள். அப்போதுதான் காற்றில் தூளி தானாக ஆடுவதைக் கவனித்திருக்கிறார்கள். வெறும் தூளி ஆடினால் குழந்தைக்கு ஆகாது. பச்சைக் குழந்தையைப் போடுவதற்கு முன்னால் தூளியில் அம்மிக் குழவியைப் போட்டு ஆட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா தன் வீட்டுக் குழவியைக் கழுவி, மஞ்சள் பூசி, அதன் தலைமாட்டில் ஒரு சிலுவையும் போட்டுத் தூளியில் படுக்கவைத்தாள். பிறகு ஆரத்தி கரைக்க உட்கார்ந்தாள்.

இது எதுவும் தெரியாமல் நாங்கள் வந்து இறங்கினோம். பூந்துவாலையில் சுற்றிய பிளேயரை இவர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். நான் பக்கத்தில், "பாத்து, பள்ளம் கீது பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சந்தில் இரண்டு பக்கமும் பெண்கள் நின்றிருந்தார்கள். யார் வீட்டிலும் டிவி சத்தம் இல்லை. சாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நில்லு தம்பி! அங்கியே நில்லு. கெழக்கப் பாத்து நில்லு" என்று அக்கா தட்டோடு வந்தாள். இவர் கிழக்கே திரும்பி நின்றார். யார் எதைச் சொன்னாலும் முதலில் செய்துவிட்டுப் பிறகு காரணம் கேட்கிற சுபாவம் அவருக்கு. செந்நிறத் தண்ணீர் அவர் முகத்துக்கு முன்னால் சுற்றத் தொடங்கியது. "இன்னாமே இது? பிளேயருக்கு எதுக்கு ஆரத்தி?" என்று என்னிடம் கிசுகிசுத்தார். நான் அக்காவின் தோளுக்கு மேலாக எங்கள் வீட்டுக்குள் பார்த்தேன். தூளி. தூளியிலிருந்து தலை நீட்டிக்கொண்டிருந்த மஞ்சள் பூசிய குழவி.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓடிவிடலாம் என்றால் ஆட்டோ போய்விட்டிருந்தது.

அக்கா ஒரு கையில் தட்டைப் பிடித்தபடி மறுகையால் துவாலையை விலக்கினாள். "என் ராசா, அம்மாவுக்கு மொகத்தக் காட்டு..."

மொத்தச் சந்தும் எட்டிப் பார்த்தது. அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. பின்னாலிருந்து சாந்தி, "இன்னாக்கா? ஆணா பொண்ணா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "கொழந்த இல்லக்கா" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "பாட்டுப் பெட்டி. லாரி வந்தா ஊசி குதிக்குது, அதுக்குத்தான் தூளி. எங்களுக்குக் கொழந்த இல்ல." இத்தனை வருஷத்தில் அந்தச் சந்தில் அந்த இரண்டு வார்த்தைகளை நான் சொன்னதே கிடையாது. சொல்லிவிட்டு நின்றேன். இனி 'ப்ச்' வரும், எல்லாத் தலைகளும் ஒரு பக்கமாகச் சாயும் என்று காத்திருந்தேன். இவர் பிளேயரை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

அக்கா பிளேயரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சாலையில் ஒரு லாரி பள்ளத்தில் இறங்கி ஏறியது. தட்டில் ஆரத்தித் தண்ணீர் தளும்பியது.

"எடுக்க ஆரம்பிச்ச ஆரத்திய பாதில நிறுத்தக் கூடாது. தம்பி, அசையாத" என்றாள்.

மிச்சச் சுற்றையும் சுற்றினாள். விரலைத் தொட்டு இவர் நெற்றியில் வைத்தாள், என் நெற்றியில் வைத்தாள், பிளேயரின் முன்பக்க மரச் சட்டத்திலும் ஒரு பொட்டு வைத்தாள். தண்ணீரைக் கொண்டுபோய்ச் சாலையில் ஊற்றிவிட்டு வந்து, "இன்னா பாத்துகினு நிக்கறீங்க? உள்ள கொண்டாந்து படுக்க வைங்க" என்று அதட்டினாள்.

இவர் குழவியை வெளியே எடுக்கப் போனார். அக்கா விடவில்லை. வைத்தவள்தான் எடுக்க வேண்டுமாம், அவள் இப்போதைக்கு எடுப்பதாக இல்லையாம். அதனால் குழவி ஒரு ஓரமாக, பிளேயர் அதன் பக்கத்தில். தட்டு சமமாக இருக்கிறதா என்று பார்க்க மேலே ஒரு கோலிக்குண்டை வைத்தேன். உருண்டது. குழவியை விரற்கடை தள்ளிவைத்தேன். கோலி நின்றது. ஒரு கையால் தூளியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஊசியை வைத்தேன். கதைவசனத் தட்டுதான். பெண்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். கதாநாயகன் தாயின் காலில் விழுந்தான். சொல்லிவைத்தாற்போல லாரி வந்தது. டம்ளர்கள் முட்டிக்கொண்டன. ஊசி அசையவில்லை. அவன் சபதம் செய்து முடித்தான்.

நிலமும் இல்லை, பழியும் இல்லை. தினமும் சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தான், அவ்வளவுதான். இதற்குத்தானா இத்தனை மாசம் என்று இவர் தலையில் அடித்துக்கொண்டார். சாந்திக்கு அதெல்லாம் இல்லை. "அப்பறம் இன்னா ஆச்சி? திருப்பிப் போடு" என்றாள்.

பிறகு ஒரு நாள் கவுஸ் பாய் வந்து பார்த்தார். தூளியை நாலு பக்கமும் சுற்றி வந்து, குழவியை எட்டிப் பார்த்து, "யாரு குடுத்த ஐடியா இது? வெயிட்டு சேந்ததுல ஆட்டமே செத்துப்போச்சி" என்றார். லூர்து அக்கா என்றேன். அக்காவைக் கேட்டார். "ஐடியா இன்னா ஐடியா, வெறுந் தூளி தொங்கக் கூடாது பாய்" என்றாள் அக்கா. பாய் அன்றைக்கு டீகூடக் கேட்கவில்லை.

என் பயம் எல்லாம் வீண். யாரும் 'ப்ச்' கொட்டவில்லை. பதிலாகக் கிண்டல் செய்தார்கள். பிளேயருக்குப் 'பாப்பா' என்று பெயர் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் வாசலில் நின்று, "பாப்பா முழிச்சிக்கிச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்து உட்காருவார்கள். சந்தில் ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகளை, "அந்தாண்ட போய் ஆடுங்கடா, பாப்பா பாடுது" என்று விரட்டுவார்கள். ஒருமுறை போலியோ சொட்டு மருந்து போடுகிற பெண் வந்தபோது சாந்தி முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல், "அந்த வூட்ல ஒண்ணு கீதும்மா" என்று எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அந்தப் பெண் மருந்துப் பெட்டியோடு வந்து தூளியைத் திறந்து பார்த்த முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று நான் சிரித்த சிரிப்பில் சந்துக்கு ஓடிவந்து குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன். இந்த விஷயத்தில் நான் சிரிக்க முடியும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

ஒரே ஒரு தொல்லை. அக்கா வீட்டில் இருந்தது அந்த ஒரு குழவிதான். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு மசாலா அரைக்க வேண்டுமே! வந்து தூளியிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு போவாள். அரைத்து முடித்துக் கழுவிக் கொண்டுவந்து படுக்கவைப்பாள். இடைப்பட்ட நேரத்தில் பாட்டுக் கேட்க முடியாது, கேட்டால் குதிக்கும். எவ்வளவு கழுவினாலும் கல்லில் மிளகாயும் சோம்பும் வாசனை போகாது. எங்கள் இசைத்தட்டுகள் எல்லாவற்றிலும் அந்த வாசனை ஏறிவிட்டது. காதல் பாட்டு, சோகப் பாட்டு, நாதஸ்வரம் எதைப் போட்டாலும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறும். வேறொரு குழவி வாங்கித் தருகிறேன் என்று பலமுறை சொன்னேன். "எதுக்கு தண்டச் செலவு? பாப்பா ஒண்ணும் சொல்லலியே" என்பாள்.

பல வருஷம் அப்படிக் கேட்டோம். பிறகு காம்பவுண்டை விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே கன்டெய்னர் நிறுத்துகிற இடம். எங்களை ஆட்டிவைத்த லாரிகளே கடைசியில் எங்கள் நடுவீட்டுக்குள் வந்து நின்றுகொண்டன. சாந்தி குடும்பம் புளியந்தோப்பு பக்கம் போனது. நாங்கள் திருவொற்றியூரில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். மேஜைமேல் பிளேயரை வைத்தால் அப்படியே நிற்கிறது. லூர்து அக்கா தன் மகனோடு நெட்டுக்குப்பத்துக்குக் குடிபோனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிகிற மாதிரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தாள். மகனுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மருமகள் நல்ல பெண். எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எல்லாரும் கேட்பதுபோல அவளும் கேட்டாள்: "உங்களுக்கு எத்தினி பசங்கக்கா?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். சொல்லிப் பழகிய பதில்தான், ஆனாலும் அதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்துக்கொள்வேன். இழுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"அவளுக்கு ஒண்ணு. நல்லா பாடும்" என்றாள்.

மருமகள், "அப்படியா, இன்னா படிக்குது?" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது. பாவம், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

அக்கா இறந்துபோய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. நாங்கள் இருக்கிற மாடியில் எல்லாக் கதவுகளும் சாத்தியே இருக்கும். லிப்டில் புதிதாகக் குடிவந்த யாராவது, "எத்தன பசங்க உங்களுக்கு?" என்று கேட்பார்கள். "இல்லங்க" என்பேன். அவர்கள் தலையை ஒரு பக்கம் சாய்ப்பார்கள், பிறகு மாடி எண்ணைப் பார்க்கத் தொடங்குவார்கள். எனக்கு முந்திக்கொண்டு பதில் சொல்கிறவள் இப்போது இல்லை.